துணிக்கு அடியில் வைத்த பொட்டலம்

அத்தாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த முதல் வருடம். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார், அரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. சிறுநீரகம் போனவர்களுக்கு வரும் அந்த அரிப்பு கூடவே படுத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்குச் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். ஒரு ஹக்கீமிடம், அதாவது யுனானி வைத்தியரிடம், பொடி வாங்கி வந்தார். அதைச் சொன்னதும் டாக்டர் வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். அன்றிலிருந்து அத்தா பொட்டலத்தைத் துணிக்கு அடியில் வைத்துவிட்டார். பொடி மட்டும் நிற்கவில்லை.

அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று தேடப்போய்த்தான் ஈரானிய மருத்துவத்தைப் படிக்க ஆரம்பித்தேன். நம் யுனானிக்கு அது நெருங்கிய சொந்தம். அங்கே மூலிகைக் கடைக்கு அத்தாரி என்று பெயர், நம் அத்தர் வந்த அதே வேர்ச்சொல். சிறுநீரகத்துக்கு என்று அங்கே சொல்லப்படும் கார்கசக் வேறொன்றுமில்லை, நம் நெருஞ்சில்தான். அப்புறம் மக்காச்சோளக் கதிரின் நார், வெள்ளரி விதை, முலாம்பழ விதை.

இவையெல்லாம் பெரும்பாலும் கல்லுக்கும் நீர்க்கடுப்புக்கும் சொல்லப்பட்டவை. பாரசீக மருத்துவர் இப்னு சீனா தன் மருத்துவப் பெருநூலை முடித்தது 1025 வாக்கில். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தக் கழிவான கிரியேட்டினின் என்ற சொல்லே அன்று கிடையாது. சர்க்கரையாலும் ரத்தக் கொதிப்பாலும் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் சுருங்கும் சிறுநீரகம் வேறு விஷயம். பழைய நூலில் சிறுநீரகம் என்ற சொல் வருகிறது என்பதற்காக அது இந்த நோய்க்கான மருந்து ஆகிவிடாது.

ஆனால் ஈரானியர்களிடம் நான் மதிக்கிற ஒன்று இருக்கிறது. பாட்டி வைத்தியத்தை டயாலிசிஸ் வார்டுக்குள்ளேயே கொண்டுவந்து சோதித்தார்கள். ஷிராஸ் நகரில் நடந்து 2014-ல் வெளிவந்த ஆய்வில், அரிப்பால் தவித்த 100 டயாலிசிஸ் நோயாளிகளில் பாதிப் பேருக்கு மஞ்சள், மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. மஞ்சள் சாப்பிட்டவர்களுக்கு அரிப்பு கூடுதலாகக் குறைந்தது. சின்ன ஆய்வுதான். சிறுநீரகம் திரும்பி வந்தது என்று அவர்கள் சொல்லவும் இல்லை. ஆனால் தூங்காத ஒருவருக்கு அரை ராத்திரித் தூக்கம் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். துணை மருத்துவம் என்றால் எனக்கு இதுதான்.

அரபுக் கோந்து என்ற மரப்பிசினையும் சொல்ல வேண்டும். அதைக் குடலில் உள்ள கிருமிகள் தின்று பெருகும்போது நைட்ரஜனையும் இழுத்துக்கொள்கின்றன, அது மலத்தோடு வெளியேறுகிறது. அதனால் ரத்தத்தில் சேரும் யூரியா என்ற கழிவு கொஞ்சம் குறையும். ரிப்போர்ட்டில் எண் குறைந்ததும் சிறுநீரகம் தேறிவிட்டது என்று நம்பி டயாலிசிஸை விட்டால் உயிருக்கே ஆபத்து. அப்படி விட்டுவிடலாம் என்று சொல்லி விற்பவர்கள்மேல் எனக்கு அடங்காத கோபம் உண்டு.

இன்னொரு பயமும் இருக்கிறது. அத்தாரிகளில் ஜராவந்த் என்று ஒரு வேர் உண்டு. நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அந்தக் குடும்பம்தான். அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தையே அழிக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வரவழைக்கும். பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது, 1993-ல் முதலில் வெளியே வந்தது. தவறிக் கலந்தது இந்த வகைச் செடிதான். ஈரானில் கோர்ஃபே என்று விரும்பித் தின்னும் பருப்புக்கீரையில் பொட்டாசியம் அதிகம். நமக்கு அது நல்ல கீரை. டயாலிசிஸ் நோயாளிக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடலாம். மஞ்சளையும் கரண்டி கரண்டியாகத் தின்றால் அதிலுள்ள ஆக்ஸலேட் சிறுநீரகத்தில் படியும்.

இதையெல்லாம் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். திட்டினால் நோயாளி மறைப்பார், மறைத்தது என்னவென்று தெரியாமலே டாக்டர் மருந்து எழுதுவார். ஹக்கீமும் கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு இல்லாமல் எதையும் கொடுக்கக் கூடாது.

பிறகு வேறொரு டாக்டரிடம் மாறினோம். முதல் நாளே, "வீட்டு மருந்து என்னவெல்லாம் சாப்பிடுறீங்க பாய்? கோபப்பட மாட்டேன், சொல்லுங்க" என்று கேட்டார். அத்தா என்னைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார். அடுத்த டயாலிசிஸுக்குக் கிளம்பும்போது அலமாரியைத் திறந்து, பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.