பூனை கிளறுது, அணில் கொறிக்குது

திருகோணமலை மணல் நிலத்தில் பாத்தியைக் கொத்திக் கீரை விதைத்தால், அன்றிரவே பூனை கிளறிவிடும். காய்ந்து இளகிய மண்தான் அதற்குக் கழிப்பிடம். மிளகாய்த்தூள் தூவச் சொல்லாதீர்கள்! ஒருதரம் தண்ணீர் விட்டால் கழுவுண்டு போகும். வாயில்லாச் சீவனின் கண்ணும் எரியும். விதைத்த கையோடு 1 அங்குலக் கண்ணுள்ள கோழிக்கூட்டு வலையை மண்ணோடு படிய விரித்து, விளிம்பை 3 அங்குலம் புதையுங்கள். கீரை அதற்குள்ளால் வளரும், பிடுங்காமல் அரிந்தெடுங்கள்.

அணிலுக்கு இது காணாது. நைலோன் வலையையும் கடித்துவிடும் பாவி! அரை அங்குலக் கம்பிவலையைக் கூடாரமாய் வளைத்து மூடவேண்டும். அடியில் இடைவெளி விட்டால் அவ்வளவும் வீண். தக்காளியை நிறம் மாறத் தொடங்கியதுமே பறித்து வீட்டுக்குள் பழுக்க வையுங்கள்.

பூனைப் பீயைக் கூட்டெருவில் போடவே வேண்டாம், அதில் நோய்க்கிருமி இருக்கும்.