‘யார் பார்க்கிறீர்கள்?’ என்று கேட்கிறது என் வீட்டு டிவி

கேபிளை வெட்டச் சொன்னது நான்தான். 2022இல் புது ஸ்மார்ட் டிவி வாங்கிய கையோடு, ‘இனி மாசாமாசம் இருநூற்றைம்பது ரூபாய் தண்டம் அழ வேண்டாம்’ என்று வீட்டில் வீராப்பாக அறிவித்தவனும் நான்தான். அதனால் இந்தக் குமுறலில் பாதி என்மேலேயே வரும் ஆத்திரம். மீதிப் பாதியைக் கேளுங்கள்.

2025 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. துபாயில் ஆசியக் கோப்பை இறுதிப் போட்டி, இந்தியாவும் பாகிஸ்தானும். அக்கா குடும்பத்தோடு திருச்சிக்கு வந்திருந்தாள். அம்மா மிளகாய் பஜ்ஜி போட்டிருந்தார். எட்டு மணிக்கு ஆட்டம். ஏழே முக்காலுக்கு ஜம்பமாக ரிமோட்டை எடுத்து, கிரிக்கெட்டுக்கென்றே ஆண்டுச் சந்தா கட்டி வைத்திருந்த ஆப்பைத் திறந்தேன். பழைய மேட்ச் இருக்கிறது, ஹைலைட்ஸ் இருக்கிறது, கபடிகூட இருக்கிறது. இந்த மேட்ச் மட்டும் இல்லை. இரண்டு முறை மூடித் திறந்தேன். அத்தான் போனில் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “மாப்ளே, அது வேற ஆப்புல வருதாம்.”

அந்த வேற ஆப்பை இறக்கி, டிவித் திரையில் ஒவ்வொரு எழுத்தாக அம்புக்குறியை நகர்த்தி மின்னஞ்சல் முகவரியை அடித்து (இதைக் கண்டுபிடித்தவன் வீட்டு டிவியிலும் இப்படித்தான் அடிக்கிறானா என்று தெரிய வேண்டும்), ஓடிபி வந்து, அது காலாவதியாகி, மறுபடி வந்து, பணம் கட்டி உள்ளே நுழைவதற்குள் பத்து ஓவர் ஓடிவிட்டது. பஜ்ஜியும் தீர்ந்துவிட்டது.

சரி, காசு கட்டியாயிற்று, இனியாவது நிம்மதியாகப் பார்ப்போம் என்றால் அதற்கும் கொடுப்பினை இல்லை. கடைசி ஓவர். எங்கள் டிவியில் ஹாரிஸ் ரவூஃப் இன்னும் பந்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். எதிர் வீட்டில் வெடி வெடிக்கிறது. தெருவே ‘ஹோ’ என்கிறது. அவர்கள் வீட்டில் கேபிள். எங்கள் வீட்டில் இன்டர்நெட்டில் சுற்றிச் சுற்றி அரை நிமிடம் தாமதமாக வந்து சேரும் நேரலை. ரிங்கு சிங் எங்கள் வீட்டு டிவியில் அந்த வெற்றி பவுண்டரியை அடித்தபோது கூடத்தில் நானும் காலித் தட்டும்தான் இருந்தோம். பிள்ளைகள் எல்லாம் எதிர் வீட்டு வாசலுக்கு ஓடிவிட்டார்கள்.

நேரலையாம் நேரலை.

கிரிக்கெட் பார்க்க எந்த ஆப் வாங்க வேண்டும் என்று யாராவது உங்களிடம் கேட்டால், எந்த மாதம், எந்த நாட்டில், யார் நடத்தும் போட்டி என்று திருப்பிக் கேளுங்கள். இந்திய அணி வெளிநாடு போனால் அந்த நாட்டு கிரிக்கெட் வாரியம் ஒளிபரப்பு உரிமையை யாருக்கு விற்றிருக்கிறதோ அவர்கள் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். 2022இல் நியூசிலாந்துக்குப் போன தொடர் அமேசான் பிரைமில் வந்தது. 2023 வெஸ்ட் இண்டீஸ் தொடர் ஜியோசினிமாவில். 2025 ஆசியக் கோப்பை சோனியிடம். ஐபிஎல்லும் ஐசிசி போட்டிகளும் ஜியோஹாட்ஸ்டாரில். கேபிள் காலத்திலும் உரிமைகள் இப்படிப் பிரிந்துதான் கிடந்தன. ஆனால் நமக்கு அது தெரிய வேண்டிய தேவையே இல்லை. எல்லாச் சேனலையும் ஒரே கயிற்றில் கட்டி ஒரே ஒயரில் அனுப்பி ஒரே பில் நீட்டினார் கேபிள்காரர். அந்தக் கயிற்றுக்குத்தான் காசு கொடுத்தோம் என்று அதை அறுத்த பிறகுதான் புரிகிறது.

ஐபிஎல்லில் போட்ட தூண்டிலை மறக்கவே முடியாது. 2023 முதல் 2027 வரையிலான டிஜிட்டல் உரிமையை, ஜியோசினிமாவை நடத்திய வயாகாம்18 நிறுவனம் வாங்கியது 23,758 கோடி ரூபாய்க்கு. வாங்கிவிட்டு 2023இலும் 2024இலும் ஜியோசினிமாவில் சும்மா காட்டினார்கள். இத்தனை ஆயிரம் கோடி கொடுத்தவன் சும்மா காட்டுகிறான் என்றபோதே நமக்குப் பொறி தட்டியிருக்க வேண்டாமா? தட்டவில்லை. ‘கேபிள் எதுக்குடா, எல்லாம் போன்லயே வருது’ என்று ஊரெல்லாம் வெட்டிப் போட்டோம். 2025 பிப்ரவரி 14, காதலர் தினம். ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் ஆயின. அந்த ஆண்டு ஐபிஎல்லுக்குச் சந்தா கேட்டார்கள். கல்யாணம் அவர்களுக்கு, மொய் நமக்கு.

இப்போது காசுக் கணக்கு. 2025இல் நான் போட்டது இது. நெட்ஃபிளிக்ஸ் பேசிக் மாதம் 199, ஆண்டுக்கு 2,388. (149 ரூபாய்த் திட்டமும் இருக்கிறது. அது போனிலும் டேப்லெட்டிலும் மட்டும்தான் ஓடும், டிவியில் ஓடாது.) பிரைம் 1,499. ஜியோஹாட்ஸ்டார் சூப்பர் 899. மொத்தம் 4,786 ரூபாய். பழைய கேபிள் மாதம் 250 என்றால் ஆண்டுக்கு 3,000. இன்னும் சோனிலிவ் சேர்க்கவில்லை, ஜீ5 சேர்க்கவில்லை, அம்மாவுக்கான சன் நெக்ஸ்ட் சேர்க்கவில்லை. பிராட்பேண்ட் பில்லைத் தொடவே இல்லை, அது எப்படியும் வேண்டும் என்பீர்கள். பிரைமில் பார்சலும் இலவசமாக வருகிறதே என்பீர்கள். வருகிறது. அதற்காக வேண்டாததையெல்லாம் வாங்கிக் குவித்த கணக்கு தனி.

பிரைமின் ஆண்டுச் சந்தா 2016இல் 499 ரூபாய். அடுத்த ஆண்டே 999. 2021 டிசம்பரில் 1,499. போகட்டும், விலைவாசி. ஆனால் 2025 ஜூன் 17 முதல் படத்துக்கு நடுவில் விளம்பரமும் வரத் தொடங்கியது. விளம்பரம் வேண்டாமா, ஆண்டுக்கு இன்னும் 699 கட்டு என்றார்கள். கட்டினால் மேலே போட்ட மொத்தம் 5,485. விளம்பரத் தொல்லையிலிருந்து தப்பிக்கத்தானே ஐயா கேபிளை வெட்டினோம்? நியாயமாகச் சொன்னால் நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் விலையைக் குறைத்தது, 499ஆக இருந்த பேசிக் 199 ஆனது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்பீர்கள்.

இத்தனை கட்டியும் பொருள் நம் கையில் நிற்பதில்லை. ஹெச்பிஓ என்ற அமெரிக்கச் சேனலின் தொடர்களுக்காக ஹாட்ஸ்டார் வாங்கியவர்கள் 2023 மார்ச் 31ஆம் தேதி என்ன பாடுபட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அன்றோடு அவை அங்கிருந்து எடுக்கப்பட்டன. பிறகு ஜியோசினிமாவுக்குப் போயின. சந்தா மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆண்டுச் சந்தா கட்டுகிறவன் படத்துக்குக் கட்டுவதாக நினைக்கிறான். அவன் வாங்குவது கடைக்குள் நுழையும் சீட்டு. கடையில் என்ன சரக்கு இருக்கும் என்பது கடைக்காரன் இஷ்டம். போதாததற்கு, நான் சந்தா கட்டும் ஓர் ஆப்பில் தேடிய படம் கிடைத்தே விட்டது என்று ஆசையாகத் தட்டினால், இது வாடகைக்கு மட்டும், இன்னும் 149 ரூபாய் என்கிறது. நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே போனால் நாற்காலிக்குத் தனிக் காசு.

அம்மா கதைக்கு வருகிறேன். என் கோபத்தின் அடிவேர் அங்கேதான் இருக்கிறது.

கேபிள் ரிமோட்டில் எண்கள் இருந்தன. அம்மாவுக்குச் சேனல் எண்கள் எல்லாம் ராமஜெயம் மாதிரி மனப்பாடம். கண்ணாடிகூடப் போடாமல், மணி எட்டரை ஆனால் விரல் தானாகப் போய் மூன்று எண்ணைத் தட்டும், சீரியல் வந்துவிடும். புது ரிமோட்டில் எண்ணே இல்லை. நான்கு ஆப்பின் பெயர் பொறித்த நான்கு பொத்தான், நடுவில் ஒரு வட்டம். அம்மா ஏதோ ஒன்றைத் தட்டினால், நான்கு முகப் படங்களைக் காட்டி ‘யார் பார்க்கிறீர்கள்?’ என்று கேட்கிறது.

“என்னடா இது, வீட்டுக்காரியப் பாத்து யாருன்னு கேக்குது. நான்தான் பாக்குறேன்னு சொல்லு.”

சொன்னேன். அடுத்து, சந்தா முடிந்துவிட்டது, புதுப்பிக்கவா என்றது. புதுப்பித்தேன். அடுத்து, ஆப்பை அப்டேட் செய் என்றது. செய்து முடித்தபோது மணி ஒன்பதேகால். அந்த ஆப்பில் சீரியல் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமாம், அதுதான் வசதியாம். அம்மாவுக்கு எப்போது வேண்டுமானாலும் வேண்டாம். எட்டரைக்கு வேண்டும். ஏனென்றால் மறுநாள் காலை கோலம் போடும்போது எதிர் வீட்டு அத்தையோடு அதைப் பற்றிப் பேச வேண்டும். இப்போது அந்த அத்தை கதை முழுவதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறார். கிரிக்கெட்டில் எனக்கு நடந்ததேதான்.

கொஞ்ச நாளாக அம்மா எட்டரைக்கு எதிர் வீட்டுக்குப் போய்விடுகிறார். கொழுக்கட்டை, சுண்டல் என்று ஏதாவது கையில் எடுத்துக்கொண்டுதான் போகிறார். சும்மா போய் உட்கார மானம் இடம் கொடுக்கவில்லை. என் வீட்டில் அத்தனை சந்தா ஓடிக்கொண்டிருக்கிறது, என் தாய் சுண்டலைக் கொடுத்து அடுத்த வீட்டில் சீரியல் பார்க்கிறார்.

நிறுத்தித் தொலைக்கலாம் என்று போன மாதம் உட்கார்ந்தேன். சேரும்போது இரண்டு தட்டு, வேலை முடிந்தது. விலகுவதற்கு? டிவியில் முடியாது, வலைத்தளத்துக்குப் போ என்றது. அங்கே போனால் ‘உங்கள் கணக்கு’க்குள் ‘மேலும்’, அதற்குள் ‘உறுப்பினர் விவரம்’. ரத்து செய் என்பது சாம்பல் நிறத்தில் எறும்பு சைஸில் கிடக்கிறது. அதைத் தட்டினால் ஏன் போகிறீர்கள் என்று கேள்வி. பதில் சொன்னால், போகாதீர்கள், பாதி விலை என்கிறது. பாதி விலைக்குத் தர முடியுமென்றால் இத்தனை நாள் முழு விலை வாங்கியது எதற்கு? இப்படி விலகவிடாமல் இழுத்தடிக்கும் ‘சந்தாப் பொறி’யை முறையற்ற வணிகத் தந்திரமாகப் பட்டியல் போட்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இலேயே வழிகாட்டு விதிகளை வெளியிட்டுவிட்டது. இதே ஆப்புக்குத் தானாகப் பணம் போகும் முன் 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வந்ததுதான். லோன் வேண்டுமா, லோன் வேண்டுமா என்ற நாற்பது குறுஞ்செய்திகளுக்கு நடுவில், ராத்திரி பதினொன்றரைக்கு.

பெங்களூரில் இருக்கும் சித்தி மகன் இதற்கெல்லாம் சுலபமாக வைத்தியம் சொல்கிறான். “ஏண்ணே எல்லாத்தையும் ஒண்ணா வச்சிருக்க? ஒரு மாசம் ஒண்ணு போடு, பாக்க வேண்டியதப் பாரு, நிறுத்து, அடுத்ததுக்குப் போ.” தப்பில்லை. இந்தக் காலத்தில் தனித்தனிச் சந்தா காசுக்குத் தகும் என்றால் அந்த ஒரு முறையில்தான் தகும், அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதையும் அவர்கள் யோசிக்காமலா இருப்பார்கள்? பிரைமுக்கு மாதச் சந்தா 299. ஐந்து மாதம் போட்டால் 1,495. ஆண்டுச் சந்தா 1,499. மாதா மாதம் போடுகிறவனுக்கு அபராதம் மாதிரி விலை வைத்துவிட்டு, வேண்டுமானால் மாதச் சந்தா இருக்கிறதே என்கிறார்கள். அப்புறம், எந்த மாதம் எதைப் போட்டேன், எதை எந்தத் தேதிக்குள் நிறுத்த வேண்டும் என்று ஃபிரிட்ஜ் கதவில் பால் கணக்கு மாதிரி எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். வேலை முடிந்து வந்து காலை நீட்டி டிவி பார்க்க நினைத்த மனுஷன் கணக்குப்பிள்ளை ஆகிவிட்டேன்.

கேபிள் ஒன்றும் சொர்க்கம் இல்லை. மழை தூறினால் போய்விடும். 2019இல் வேண்டிய சேனலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புது விதி கொண்டுவந்தபோது, வேண்டியதை மட்டும் எடுத்தும் பில் ஏறிய அதிசயத்தை நானும் பார்த்தேன். நூறு சேனலுக்கு 130 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத வரி, கட்டணச் சேனல்களுக்குத் தனி. ஆனால் ஏதாவது கோளாறு என்றால் திட்டுவதற்கு ஒரு மனிதர் இருந்தார். சைக்கிளில் வருவார், மாடிக்கு ஏறுவார், ஒயரை ஒரு தட்டுத் தட்டுவார், காபி குடித்துவிட்டுப் போவார். இப்போது கோளாறு என்றால் ‘வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?’ என்று ஓர் இயந்திரம் கேட்கிறது. அதைத் திட்டினால் மன்னிப்புக் கேட்கிறது. திட்டிய திருப்திகூட இல்லை.

நேற்று அம்மா சுண்டலைத் தாளித்துக்கொண்டே கேட்டார்: “அந்தப் பழைய ஒயர அறுத்து எடுத்துட்டுப் போயிட்டாங்களாடா, இல்ல மாடியிலயே கெடக்குதா?” ஏறிப் போய்ப் பார்த்தேன். கைப்பிடிச் சுவரிலிருந்து எதிரே இருக்கும் கம்பம் வரை அப்படியே இருக்கிறது. நம் பக்கம் வரும் ஒயரில் மாடி போர்ஷன்காரர் துண்டும் பனியனும் காயப் போட்டிருக்கிறார். கேபிள்காரருக்கு போன் போட்டேன். நாலு வருஷம் கழித்தும் குரலை அடையாளம் தெரிந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறாராம். அதற்குள் பனியனை எடுத்து வைக்கச் சொன்னார்.