ரோஜாக் கூடையும் டிரம் மெஷினும்

"மெஷின் வாசிக்கிற பாட்டில் உயிர் எங்கே இருக்கப்போகிறது?" சென்ற வாரம் நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார். நின்று பதில் சொல்ல அங்கே நேரமில்லை. மனம் ஆறவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். என் பதில் ஒரே ஓர் ஆல்பம். மான்செஸ்டர் இசைக்குழுவான நியூ ஆர்டர் 1983 மே மாதம் வெளியிட்ட 'பவர், கரப்ஷன் அண்ட் லைஸ்'.

இந்தக் குழு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் கேட்டால் ஆல்பத்தில் பாதிதான் காதில் விழும். முன்பு இவர்களுக்கு ஜாய் டிவிஷன் என்று பெயர். 1980 மே 18 அன்று, அமெரிக்கப் பயணத்துக்குக் கிளம்ப ஒரு நாளே இருந்தபோது, பாடகர் இயன் கர்ட்டிஸ் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 23. கிட்டார் வாசித்த பெர்னார்ட் சம்னர், பேஸ் வாசித்த பீட்டர் ஹுக், டிரம்ஸ் வாசித்த ஸ்டீவன் மாரிஸ் மூவரும் பெயரை மாற்றிக்கொண்டு தொடர்ந்தார்கள். சில மாதங்களில் கீபோர்டுக்கு ஜில்லியன் கில்பர்ட் வந்து சேர்ந்தார். யார் பாடுவது என்பதுதான் பெரிய கேள்வி. ஆளுக்கு ஆள் பாடிப் பார்த்து, கடைசியில் அந்தச் சுமை சம்னரின் தோளில் இறங்கியது. அவர் பாடகராக வேண்டும் என்று வந்தவரே இல்லை.

1981இல் வந்த முதல் ஆல்பம் 'மூவ்மென்ட்'. ஜாய் டிவிஷனின் ஒலியைச் செதுக்கிய மார்ட்டின் ஹானெட்தான் இதற்கும் தயாரிப்பாளர். துக்க வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசுவார்களே, அப்படித்தான் அந்த ஆல்பம் முழுக்க ஒலிக்கிறது. இறந்தவரின் நாற்காலியில் உட்காரவும் முடியாமல், அதை அப்புறப்படுத்தவும் மனம் வராமல் நிற்கிறவர்களின் பாட்டு.

பிறகு ஹானெட்டை விட்டுப் பிரிந்தார்கள். லண்டனில் உள்ள பிரிட்டானியா ரோ ஸ்டூடியோவில் தாங்களே தயாரிப்பாளர்களாக உட்கார்ந்து இரண்டாவது ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். கூடவே மின்னணு முறையில் ஒலி எழுப்பும் சிந்தசைசர், ஏற்றிவைத்த ஸ்வரங்களைத் தானே வாசிக்கும் சீக்வென்சர், தாளம் போடும் ஓபர்ஹைம் டிரம் மெஷின். பழைய ரசிகர்களில் சிலர் இதை நாகரிக மோகம் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர்களிடம் இருந்த பழைய ஒலி முழுவதும் போனவருடைய குரலைச் சுற்றிக் கட்டியது. அந்தக் குரலை நினைவுபடுத்தாத ஓர் ஒலி அவர்களுக்குத் தேவைப்பட்டது. சிந்தசைசருக்கு அப்படிப்பட்ட நினைவு எதுவும் கிடையாது. அதனிடம் போனதில்தான் அவர்களுக்கு மூச்சு திரும்பியது.

முதல் பாட்டு 'ஏஜ் ஆஃப் கன்சென்ட்'. அதைத் தொடங்கிவைப்பது மெஷின் இல்லை, ஹுக்கின் பேஸ் கிட்டார். பேஸ் என்றால் அடியில் கிடந்து உறுமும் என்றுதானே நினைப்போம்? இவர் மேல் தந்திகளில், உச்சியில் வாசிக்கிறார். ஆரம்ப நாட்களில் கையிலிருந்த மட்டமான ஆம்ப்ளிஃபயரில் தாழ்ந்த ஸ்வரங்கள் அவருக்கே கேட்காததால் வந்த பழக்கம் அது. அந்த வறுமையே அவருடைய முத்திரையாகிவிட்டது. நான்கைந்து விநாடிகளில் அந்த பேஸ் ஒரு மெட்டைப் பாடியே காட்டிவிடும். பின்னால் மாரிஸின் டிரம்ஸ் விரைந்து வரும். அந்தத் தாளத்தைக் கூர்ந்து கேளுங்கள், ஜாய் டிவிஷனின் 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' பாட்டின் தாளம் அதற்குள் ஓடுகிறது. கர்ட்டிஸ் பாடிய தாளத்தின் மேல், வெயிலடிக்கிற புது மெட்டு. முதன்முறை இதைக் கவனித்தபோது பாட்டை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இனி மெஷினுக்கு வருகிறேன். ஆல்பத்துக்கு இரண்டு மாதம் முன்பு, மார்ச்சில், 'புளூ மண்டே' தனி இசைத்தட்டாக வந்தது. பிரிட்டனில் வெளியான ஆல்பத்தில் அது இல்லை. ஆனால் ஆல்பத்திலுள்ள '5 8 6' அதன் உடன்பிறப்பு என்பது கேட்டவுடனே தெரியும். 'புளூ மண்டே' ஏழரை நிமிடப் பாட்டு. அதன் சீக்வென்சரில் ஸ்வரங்களை ஒவ்வொன்றாகக் கையால்தான் ஏற்ற வேண்டும். அந்த வேலை கில்பர்ட்டுடையது. ஏ4 தாள்களை ஒட்டி ஒட்டி, ஸ்டூடியோவின் நீளத்துக்கு விரித்து, பின்னல் வேலைக்கு மாதிரி எழுதுவதுபோல முழுப் பாட்டையும் எழுதிவைத்திருந்தாராம். ஏற்றும்போது ஒரே ஒரு ஸ்வரம் விடுபட்டுப்போனது. அதனால் மெட்டு தாளத்திலிருந்து துளி விலகி நடக்கிறது. அந்த விலகலைத் திருத்தாமல் அப்படியே வெளியிட்டார்கள். நாற்பது ஆண்டுகளாக உலகம் அந்தப் பிசகோடுதான் ஆடிக்கொண்டிருக்கிறது. நண்பரே, நீங்கள் தேடிய உயிர் அந்த விட்டுப்போன ஸ்வரத்தில் இருக்கிறது. தாள்களை ஒட்டியதும் ஒரு கை, தவறவிட்டதும் அதே கைதானே.

எனக்கு மிகப் பிடித்தது 'யுவர் சைலன்ட் ஃபேஸ்'. ஜெர்மனியின் மின்னணு இசைக்குழுவான கிராஃப்ட்வெர்க்கின் பாதிப்பை மறைக்காமல், அதன் பெயரின் முதலெழுத்துகளையே இந்தப் பாட்டுக்குத் தற்காலிகப் பெயராக வைத்திருந்தார்கள். ஒரே சீராகச் சுழலும் சிந்தசைசர், அதன் மேல் திரைபோல விரியும் நாதம். நடுவே சம்னர் மெலோடிக்கா ஊதுகிறார். குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் ஊதுவார்களே, அந்தக் கருவிதான். அவ்வளவு பெரிய மின்னணு மாளிகைக்குள் ஒரு சிறுவனின் மூச்சு கேட்பதுபோல் இருக்கும். விடியற்காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இதைக் கேட்டுப் பாருங்கள். பாட்டின் கடைசி வரி எதிரிலிருப்பவரை 'போய்த் தொலை' என்று விரட்டும். அத்தனை அழகுக்குப் பிறகு அந்த முரட்டு வரி எனக்கு ஏனோ ஆறுதலாகவே இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. 'வீ ஆல் ஸ்டாண்ட்' இன்னும் 'மூவ்மென்ட்' காலத்து இருட்டிலேயே தடவிக்கொண்டு நிற்கிறது. 'எக்ஸ்டஸி' பாட்டாக முழுமை பெறவில்லை. சம்னரின் குரலும் கர்ட்டிஸின் குரல்போல ஆழமானது அல்ல. மெல்லியது, சில இடங்களில் சுருதியோடு மல்லுக்கட்டுவது. ஆனால் இந்தப் பாட்டுகளுக்கு அந்தக் குரல்தான் வேண்டும். மெஷின் துல்லியமாக ஓடும்போது அதன் பக்கத்தில் தயங்கித் தயங்கி நிற்கும் மனிதக் குரல் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

அட்டையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. வடிவமைத்தவர் பீட்டர் சாவில். பிரெஞ்சு ஓவியர் ஃபான்டான்-லத்தூர் 1890இல் வரைந்த ரோஜாக் கூடை ஓவியத்தை எடுத்து முன்பக்கம் முழுக்கப் போட்டார். குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. மூலையில் மட்டும் சில வண்ணக் கட்டங்கள். அவை எழுத்துகளுக்குப் பதிலான சங்கேதம், படிப்பதற்கான சாவி பின்னட்டையிலுள்ள வண்ணச் சக்கரம். பழைய எண்ணெய் ஓவியத்தின் ஓரத்தில் கணினிக் காலத்துக் குறியீடு. உள்ளே இருக்கும் இசையை இதைவிடத் தெளிவாக யாரும் வரைந்து காட்ட முடியாது. 2010இல் பிரிட்டிஷ் அஞ்சல் துறை இந்த அட்டையைத் தபால்தலையாகவே வெளியிட்டது.

மொத்தம் எட்டுப் பாட்டுகள். எட்டாவது 'லீவ் மீ அலோன்'. அது வரும்போது மெஷின் சத்தம் அடங்கிவிடும். கிட்டார், பேஸ், டிரம்ஸ், அந்தத் தயங்கும் குரல், அவ்வளவுதான். நண்பர் ஒரு நாள் மாலை வீட்டுக்கு வரட்டும். பேச்சில்லாமல் முதலிலிருந்து கேட்போம். அந்தப் பாட்டு முடிந்த பிறகு, அன்று கேட்ட கேள்வியை அவர் திரும்பக் கேட்கட்டும்.