கையெழுத்து வாங்கத்தான் கூப்பிட்டீர்களா?

செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தால் எவன் வருவான்? அரை நாள் லீவு போட்டுவிட்டு நான் போனேன். எங்கள் ஏரியாவில் ஆற்றின் மேலிருக்கும் பழைய பாலத்தை இடித்துவிட்டு அகலமாகக் கட்டப்போகிறார்களாம், அதற்கு மக்களின் யோசனை வேண்டுமாம். நம்பிப் போன என்னைத்தான் சொல்ல வேண்டும்.

கல்யாண மண்டபத்தில் நாற்பது நாற்காலி, ஒரு புரொஜெக்டர், திரை முழுக்க இங்கிலீஷில் வரைபடம். பாலத்து முனையில் இருபது வருஷமாகப் பூக்கடை போடும் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "தம்பி, இதுல என் கடை எங்க இருக்கு?" என்றார். கடையும் இல்லை, பஸ் ஸ்டாப்பும் இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு குறுக்கே ஓடும் இடமும் இல்லை. நாலு பொம்மைக் கார்தான் இருந்தது.

நடைபாதை எவ்வளவு அகலம் என்று கேட்டேன். முக்கால் மீட்டராம்! விளக்குக் கம்பமும் அதற்குள்ளேதான் வருமாம். நடக்கிறவர்களுக்குக் குறைந்தது 1.8 மீட்டர் விடச் சொல்லி ரோடுகளுக்கான தரத்தை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பு 2012லேயே வழிகாட்டி போட்டிருக்கிறது, அது என் சொந்தக் கற்பனை இல்லை. "இடம் பத்தாது சார்" என்றார் அதிகாரி. வண்டிக்கு நாலு லேன் போட்டபோது மட்டும் எப்படிப் பத்தியதோ.

மளிகைக்கடை அண்ணாச்சி எழுந்து கேட்டதுதான் அன்றைக்கு உருப்படியான கேள்வி. பாலத்தை உயர்த்தினால் இறக்கம் நீளும், இறக்கத்துக்கு இரண்டு பக்கமும் மதில் எழும்பும், 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருத் தண்ணீர் வடிந்தது அந்த மதில் வரப்போகிற இடம் வழியாகத்தான், அதை அடைத்துவிட்டால் தண்ணீர் எங்கே போகும்? எந்தக் கன்சல்டன்ட்டும் கண்டுபிடிக்காத விஷயம், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு வந்த பதில், "நோட் பண்ணிக்கிறோம்." சொன்னவர் கையில் பேனாவே இல்லை.

சரி, கூட்டத்தில் எல்லோரும் ஒழுங்காகப் பேசினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒருத்தர் தன் வீட்டு வாசலில் கார் நிறுத்துவதைப் பற்றியே கால் மணி நேரம் பேசினார். அதற்காக மக்களைக் கேட்டால் வேலையே நடக்காது என்பதா? கேட்காமல் செய்ததன் லட்சணம் தெரியாதா? பெங்களூரில் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாலுக்கு இரும்பு மேம்பாலம் என்றார்கள், எண்ணூறுக்கு மேல் மரங்கள் போகும் என்று தெரிந்ததும் 2016 அக்டோபரில் ஜனங்கள் கைகோத்து ரோட்டில் நின்றார்கள், அடுத்த மார்ச்சில் திட்டத்தையே கைவிட்டார்கள். போபாலில் 90 டிகிரி பாலம் என்று பேர் வாங்கிய அந்த ரயில்வே மேம்பாலத்தைப் பார்த்து 2025இல் நாடே சிரித்தது, ஏழு இன்ஜினியர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். அந்தத் தெரு ஆட்டோக்காரர் ஒருத்தரிடம் படத்தைக் காட்டியிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பார், இதுல எப்படி சார் வண்டி திரும்பும் என்று.

இங்கே தமிழ்நாட்டில் 2022இல், வார்டு மக்கள் கூடித் தங்கள் பகுதி விஷயங்களைப் பேச ஏரியா சபை என்று ஆரம்பித்தார்களே, பென்சிலில் கோடு போடும்போதே அங்கே கொண்டுவந்து விரித்திருக்கலாம். கூட்டம் முடியும்போதுதான் மெதுவாகச் சொல்கிறார்கள், டெண்டர் விட்டாச்சாம், இனி டிசைனை மாற்ற முடியாதாம். பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்து, ஊரெல்லாம் அழைத்துவிட்டுப் பெண்ணிடம் வந்து மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று கேட்கிற கதை.

வாசலில் டீயும் பிஸ்கட்டும் கொடுத்து ஒரு நோட்டில் பெயர், போன் நம்பர், கையெழுத்து வாங்கினார்கள். வந்தவர்கள் கணக்குக்கு என்றுதான் நினைத்தேன். போன வாரம் கவுன்சிலர் ஆபீசில் அந்த அறிக்கையைப் பார்த்தேன். "கலந்துகொண்ட பொதுமக்கள் அனைவரும் திட்டத்தை வரவேற்றனர்" என்று இருக்கிறது, கீழே எங்கள் கையெழுத்துகளின் ஜெராக்ஸ். மூன்றாவது அண்ணாச்சியுடையது, ஏழாவது என்னுடையது.

நேற்று மண் பரிசோதனைக்குத் துளை போடும் மெஷின் வந்து இறங்கியிருக்கிறது. அண்ணாச்சி கை காட்டிய அதே இடத்தில்.