எழுதினால் பயம், எழுதாவிட்டால் நிம்மதி

எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் இந்த வாரப் பஞ்சாயத்து, முளைக்காமல் இருக்கக் கதிர்வீச்சு காட்டிய வெங்காயம் வாங்கலாமா கூடாதா என்பது. "அணுகுண்டு வெங்காயம்" என்று ஒருவர் பெயரே வைத்துவிட்டார். அங்கே நாலு வரிக்கு மேல் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள், அதனால் இங்கே.

பயத்தை முதலில் முடித்துவிடலாம். கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகம் உமிழும் காமா கதிர் உணவுக்குள் ஊடுருவி, கிருமிகளின், பூச்சிகளின் டிஎன்ஏவைச் சிதைக்கிறது. உணவையே கதிரியக்கப் பொருளாக்கும் அளவுக்கு அந்தக் கதிருக்கு ஆற்றல் கிடையாது. எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்தவர் பக்கத்தில் உட்கார நாம் பயப்படுகிறோமா என்ன? மும்பை டிராம்பேயில் ஊசி, தையல் நூல் போன்ற மருத்துவப் பொருட்களை 1974 முதல் இப்படித்தான் சுத்திகரிக்கிறார்கள். உணவில் 10 கிலோகிரே (உணவு வாங்கும் கதிரின் அளவு கிரே; ஆயிரம் கிரே ஒரு கிலோகிரே) வரை ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் பிற அமைப்புகளும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 1980லேயே சொல்லிவிட்டது. அமெரிக்காவுக்கு 2007 முதல் போகும் நம் மாம்பழம் 400 கிரே, அதாவது 0.4 கிலோகிரே, வாங்கிக்கொண்டுதான் கப்பலோ விமானமோ ஏறுகிறது.

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். கதிர்வீச்சு காட்டிய பாக்கெட்டில் அதை எழுதியே ஆக வேண்டும், பச்சை நிறச் சின்னமும் போட வேண்டும். கிடங்கில் பூச்சிக்குப் புகைமருந்து போட்ட அரிசியின் பையில் அப்படி ஒரு வரி பார்த்திருக்கிறீர்களா? 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகச் சொல்லி இந்திய மசாலாக்கள் சிலவற்றைத் தடுத்தன. புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்தப்பட்ட, கிருமி கொல்லும் வாயு அது. அந்தப் பெயரை எந்தப் பாக்கெட்டிலாவது படித்த ஞாபகம் இருக்கிறதா? சொல்லிவிட்டுச் செய்பவனைப் பார்த்து ஓடுகிறோம், சொல்லாமல் செய்பவனிடம் கூப்பன் கேட்கிறோம்.

"கொதிக்க வைத்தால் கிருமி போயிடுமே சார்" என்பார்கள். சாம்பாருக்குச் சரி. மெரினாவில் மாங்காய்த் துண்டு மேல் தூவும் மிளகாய்த்தூளை யார் கொதிக்க வைக்கிறார்கள்? அடுப்பை அணைத்த பிறகு ஆம்லெட்டில் போடும் மிளகுத்தூளை? காய்ந்த பொடியிலும் வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மொட்டை மாடியில் காயவைத்து மிஷினில் அரைத்தது என்றாலும் அதேதான் (அம்மா இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்).

இதை ஒரேயடியாகத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் நான் தயாரில்லை. பூச்சிமருந்து எச்சம் இதில் போகாது. பூஞ்சை ஏற்கெனவே விட்டுவிட்டுப் போன அஃப்ளாடாக்சின் என்ற நச்சும் போகாது. குப்பையாகக் கையாண்டுவிட்டுக் கடைசியில் கதிரைக் காட்டிச் சமாளிப்பார்கள் என்ற சந்தேகம் நியாயமானது, அதைக் கண்காணிக்கத்தான் வேண்டும்.

வெங்காயத்தில் இது முளைப்பதைத்தான் தடுக்கும், அழுகலை அல்ல. அறுவடையான சில வாரத்துக்குள் காட்டி, குளிர்கிடங்கிலும் வைத்தால்தான் முழுப் பலன். அதனால்தான் நாசிக் பக்கம் லாசல்காவ்னில், விளையும் இடத்திலேயே, வெங்காயத்துக்குக் கதிர் காட்டும் நிலையத்தை வைத்தார்கள். ஐப்பசி மழையில் கோயம்பேட்டில் நனைந்து இறங்கும் மூட்டையை எந்தக் கதிரும் காப்பாற்றாது. வாரம் ரெண்டு கிலோ வாங்கும் வீட்டில் வெங்காயம் முளைவிட நேரம் ஏது? அதற்காக நான் ஒரு ரூபாய்கூட அதிகம் தரமாட்டேன். மிளகாய்த்தூளுக்கும் மிளகுத்தூளுக்கும் தருவேன்.

2024 பட்ஜெட்டில் சிறு, நடுத்தரத் தொழில் துறையில் 50 கதிர்வீச்சு நிலையங்களுக்கு உதவி என்று அறிவித்தார்கள். நல்லது. அப்படியே புகைமருந்து, வாயு எது போட்டிருந்தாலும் பாக்கெட்டில் தமிழில், கண்ணாடி போடாமல் படிக்கிற அளவில் எழுதச் சொல்லட்டும். அப்புறம் எதை எடுப்பது, எதை வைப்பது என்று கடையில் நின்று நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.