திருப்பி அடிக்காத ஆளிடம் மட்டும் வரும் கோபம்

நேற்றைய கூத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். நூறு பேர்கூடப் பின்தொடராத ஒரு பெண் கிண்டலாக நாலு வரி எழுதினார். மாலைக்குள் கண்டன அறிக்கை, காவல் நிலையத்தில் புகார், அவர் வேலை பார்க்கும் இடத்துக்கு வரிசையாக ஃபோன். ராத்திரிக்குள் வேலையும் போயாச்சு. ஒரு கட்சியே திரண்டு ஜெயித்த போர். வாழ்த்துகள்!

கோபப்படாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கோபம் ஏன் திருப்பி அடிக்க முடியாத ஆளாகப் பார்த்தே போகிறது என்றுதான் கேட்கிறேன். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்?

2005இல் நடிகை குஷ்பு திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி ஒரு பத்திரிகையில் கருத்துச் சொன்னதற்கு, பண்பாடு போச்சென்று துடைப்பமும் செருப்புமாகத் தெருவில் இறங்கினார்கள். ஊர் ஊராக வழக்கு, மொத்தம் 23. 2010இல் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. பண்பாடு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மலக்குழியில் இறங்கியவர்கள்தான் செத்துக்கொண்டே இருக்கிறார்கள். மனிதர் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொன்று, செத்தால் 30 லட்சம் இழப்பீடு என்று 2023இல் தீர்ப்பு. இறக்கிவிட்ட ஒப்பந்ததாரர் வீட்டு வாசலுக்கு எத்தனை துடைப்பம் போனது? மாநாட்டுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பது துடைப்பத்துக்கும் தெரியும் போல.

அரசு அமைப்புகள் மட்டும் என்னவாம்? புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் 2022 டிசம்பரில் மலம் கலந்திருந்தது. இரண்டு வருடம் விசாரித்து, 2025 ஜனவரியில் அந்த மக்களில் மூன்று பேர் மீதே சிபிசிஐடி குற்றப்பத்திரிகை போட்டது. வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். விரல் எந்தப் பக்கம் நீண்டது என்பதை நான் பார்க்கிறேன்.

என் சித்தி ஒரு மருத்துவமனையில் ஒப்பந்தச் செவிலியர். லிஃப்ட் பழுதாகி மாதக்கணக்கில் கிடந்தது. ஒரு ராத்திரி ஸ்ட்ரெச்சரைப் படியில் தூக்கி வரத் தாமதமாகி, நோயாளி இறந்துவிட்டார். கரை வேட்டியோடு வந்த ஒருவர் மேசையிலிருந்த வருகைப் பதிவேட்டை எடுத்து சித்தியின் முகத்தில் எறிந்தார். மறுநாள் நிர்வாகம் மெமோ கொடுத்தது. எறிந்தவருக்கு இல்லை, சித்திக்கு. 'கனிவாக நடந்துகொள்ளவில்லை' என்று. லிஃப்ட் கோப்பைக் கிடப்பில் போட்டவரின் அறை அதே மாடியில்தான். கதவைக்கூட யாரும் தட்டவில்லை.

"அப்போ நீ அந்தப் பக்கமா?" என்று இன்பாக்ஸில் கேட்கிறீர்கள். எந்தப் பக்கம்? வேலை போன பக்கம். "அவர் எழுதியது சரியா?" சரியில்லைதான், ரசனையில்லாத நாலு வரி. பதிலுக்கு எட்டு வரி எழுதியிருக்கலாமே! "உங்கள் ஆட்களும் இதைத்தானே செய்தார்கள்?" செய்தார்கள். அதற்கு இப்போது என்ன செய்யச் சொல்கிறீர்கள்? முறை வைத்து ஆளுக்கொரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பலாமா?

கட்சிக்காரர்கள் செய்ததுகூடப் பரவாயில்லை, அது அவர்கள் பிழைப்பு. என்னோடு சேர்ந்து தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்காகப் பதிவு போட்டவர்கள், கருத்துச் சுதந்திரம் என்று எனக்கே வகுப்பெடுத்தவர்கள், நேற்று அந்தக் கூத்துக்குப் போய்ச் சிரிப்பு ஸ்மைலி போட்டிருக்கிறீர்கள். அதுதான் தூங்க விடவில்லை.

அந்தப் பெண்ணின் ஃபோன் நம்பரைப் பகிர்ந்தவர்களில் இரண்டு பேர் இன்னும் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள். முதலில் அந்த நம்பரை நீக்குங்கள். கொள்கையெல்லாம் அப்புறம் பேசலாம்.