உண்மை விளக்கம்: அது சைபீரியப் பறவை இல்லை, நம்ம கானாங்கோழி

"கோத்தகிரி சதுப்பில் சைபீரியாவிலிருந்து வந்த அபூர்வப் பறவை, இரவில் அழுகிறது" என்று ஒரு படமும் ஒலிப்பதிவும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. தகவல் தவறு.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முகமும் மார்பும் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை, முதுகு கருஞ்சாம்பல், வாலுக்கு அடியில் துருப்பிடித்த செம்பழுப்பு. மஞ்சள் பச்சை அலகின் மேல்புறம், நெற்றியைத் தொடும் இடத்தில் ஒரு சிவப்புத் தீற்று. இது கானாங்கோழி, கம்புள் என்றும் சொல்வார்கள். சமவெளி வாய்க்காலிலும் குளத்திலும் ஆண்டு முழுக்க இருக்கும் உள்ளூர்ப் பறவைதான்.

அப்புறம் அந்த 'அழுகை'. மழைக்காலம் இதன் இனப்பெருக்கக் காலம். அப்போது 'க்வாக் க்வாக்' என்று விடாமல் கத்தும், இரவிலும்தான். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கம் கெடும், அவ்வளவே. இதன் கூடவே வரும் கருப்புக் குஞ்சுகளைக் காக்கைக் குஞ்சு என்று அந்தத் தகவலில் எழுதியவரை என்ன சொல்வது!

சரி, தூரத்திலிருந்து வரும் சதுப்புப் பறவை நீலகிரியில் இல்லவே இல்லையா? உண்டு. காட்டு உள்ளான் இமயத்திலிருந்து குளிர்காலத்தில் வருகிறது. ஆனால் அதற்கு நீண்ட நேர் அலகு, உடலெங்கும் பழுப்பு வரிகள். மார்பில் வெள்ளை கிடையாது.

கானாங்கோழியை நேரில் பார்க்க, விடிந்ததும் கேரட் தோட்டத்தை ஒட்டிய ஓடையோரம் அசையாமல் நில்லுங்கள். கோரைக்குள்ளிருந்து குட்டை வாலை வெடுக் வெடுக்கென்று ஆட்டியபடி வெளியே வரும். செருப்புச் சத்தம் கேட்டால் பறக்காது, ஓடி மறையும்.